ஹைபிரிட் காரும் கண்ணாடி போற உயரமும்

காருக்கு அடியில படுத்து வேலை செய்யிறவனுக்கு ஒரே ஒரு வசதிதான் இருக்கு: கார்ச் சொந்தக்காரர் ஏசேக்குள்ள அவற்ற செருப்பு மட்டும் தெரியும், முகம் தெரியாது.

வெள்ளவத்தையில, கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில கராஜ் வைச்சிருந்தனான். ஸ்பிரிங், ஷொக் அப்சோபர், ரப்பர் புஷ் எண்டு காரைத் தாங்கிற சாமான்கள் மட்டும்தான் என்ர வேலை. எஞ்சினில சத்தமெண்டு ஆராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிப்போடுவன். கடற்காத்து பாதியைத் துருப்பிடிக்க வைக்கும், றோட்டில போட்டுவைச்ச தடையள் மிச்சத்தை முறிக்கும். தொழிலுக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் அந்த யுத்த காலத்தில கொழும்பில கார் ஓடின ஆக்களெண்டால், செக்பொயின்ட்டில றோட்டை மறிச்சு வைச்ச தார்ப் பீப்பாவுக்குள்ளால வளைஞ்சு வளைஞ்சு போய் இடுப்பு நாரி பிடிச்ச ஆக்கள்தானே. உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பெற்றோலிலயும் பற்றரியிலயும் ஓடுற ஹைபிரிட் கார் அப்பதான் ஒண்டு ரெண்டு வரத் தொடங்கினது. அதில ஒண்டு என்ர கழுத்தில வந்து விழுந்தது.

சத்தம் போடாமல் வந்தவ

ஒரு வானுக்கு அடியில கிடந்து போல்ற் கழட்டிக்கொண்டிருக்கிறன். திடீரெண்டு முகத்துக்குப் பக்கத்தில ஒரு பொம்பிளையின்ர செருப்பு. கார் வந்த சத்தமே இல்லை. திடுக்கிட்டுத் தலையைத் தூக்கி மண்டையை இடிச்சுக்கொண்டு வெளியில வந்தால், ஒரு வெள்ளைக் காரும் அதுக்குப் பக்கத்தில றஞ்சி அக்காவும் நிக்கிறா. பாமன்கடையில இருக்கிறவ, வங்கியில வேலை. ஜப்பானில ஓடின காரை இஞ்சை இறக்கி வித்தவையிட்டை வாங்கினவவாம்.

"என்ன அக்கா, தள்ளிக்கொண்டோ வந்தனீங்கள்?" எண்டு கேட்டன். மெல்லப் போகேக்குள்ள அது பற்றரியில ஓடுமாம், எஞ்சின் நிண்டுபோகுமாம். அதாலேயே செக்பொயின்ட்டில ஆமிக்காரரோட பெரிய கரைச்சலாம். அவ சொன்னதை அப்பிடியே சொல்லுறன்: "எஞ்சினை நிப்பாட்டச் சொன்னாங்கள் தம்பி. நிண்டுதான் இருக்கெண்டன், நம்பேல்லை. சரியெண்டு கொஞ்சம் முன்னுக்கு ஓடிக்காட்டினன், துவக்கைத் தூக்கி நீட்டிப்போட்டாங்கள்!"

ஒவ்வொரு சந்தியிலயும் ஒப்பரேஷன்

அவ வந்த காரணம் சத்தமில்லை, ஆட்டம். முன் சீற்றைச் சாய்ச்சு, இடுப்பில பெரிய பட்டி கட்டி, அவவின்ர மனுசன் சிவபாலன் மாஸ்டர் படுத்திருந்தார். கணக்குப் படிப்பிக்கிறவர். முள்ளந்தண்டில ஒப்பரேஷன் செய்து வீட்டுக்கு விட்டிருந்தது. களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போய் ஒழுங்காய்ப் பயிற்சி எடுத்தால்தான் கால் பழையபடி வரும், விட்டால் கட்டில்தான் எண்டு டொக்டர் கண்டிப்பாய்ச் சொல்லிப்போட்டார். ஓட்டோவில ஏத்தினால் குலுக்கம். வானில ஏற உயரம். மிஞ்சினது இந்தக் கார்தான், அதிலயும் இனி ஏறமாட்டன் எண்டு நிண்ட மாஸ்டரை அண்டைக்கு ஒருமாதிரிக் கெஞ்சி ஏத்திக்கொண்டு வந்தவவாம்.

காரின்ர பின்பக்கத்தை அமத்திக் கையை விட்டன். ஆடிச்சுது. நிக்குமெண்டு பாத்தால் பிறகும் ஆடிச்சுது. விளங்கிப்போச்சு. பின் சீற்றுக்குப் பின்னால பெரிய பற்றரி, அந்தப் பாரத்தைத் தாங்கிற ஸ்பிரிங் சோர்ந்துபோச்சு, ஆட்டத்தைப் பிடிக்கிற ஷொக் செத்துப்போச்சு. ஜப்பான்காரன்ர கண்ணாடி மாதிரி றோட்டில ஓடின கார், எங்கட பள்ளத்துக்கும் பீப்பாவுக்கும் என்ன செய்யும்? "விடுங்கோ அக்கா, என்ர பொறுப்பு" எண்டு நெஞ்சில அடிச்சுச் சொன்னன். அப்பதான் மாஸ்டர் முதல்முதலாய் வாய் திறந்தார்: "தம்பி, டொக்டர் ஒருக்காத்தான் வெட்டினவர். இந்தக் கார் சந்திக்குச் சந்தி வெட்டுது."

பதிச்ச கார்

கொட்டாஞ்சேனையில கார்ச் சாமான் கடை வைச்சிருக்கிற நஸார் நானாவைத் தெரியாத கராஜ்காரன் கொழும்பில இல்லை. எந்தக் காருக்கும் எந்தச் சாமானையும் எங்கையோ தோண்டி எடுத்துத் தருவார். ஆடாத, வளைவில சாயாத ஸ்பிரிங் வேணுமெண்டு கேட்டன், ரேஸ் ஓடுறவை போடுற கட்டையான ஸ்பிரிங்கும் இறுக்கமான ஷொக்கும் ஒரு செற் கொண்டுவந்து தந்தார். பூட்டினன். கார் நாலு விரல் பதிஞ்சு, றோட்டில ஒட்டி வைச்ச மாதிரி நிண்டுது. ஒழுங்கை முடக்கில வேகமாய்த் திருப்பினன், சாயவே இல்லை. ஸ்டியரிங்கில அடிச்சு, "டேய் குகன், நீ ஆளடா!" எண்டு எனக்கு நானே கத்தினன்.

அடுத்த நாள் காலமை மாஸ்டரை ஏத்திக்கொண்டு றஞ்சி அக்கா வெளிக்கிட்டா. செக்பொயின்ட்டில ஆமிக்காரர் நீட்டுத்தடியில கண்ணாடி பூட்டி, கீழ சில்லு வைச்சு உருட்டி, குண்டு இருக்கோ எண்டு காருக்கு அடியில விட்டுப் பாக்கிறவை, ஞாபகம் இருக்கோ? அந்தக் கண்ணாடி உள்ளுக்குப் போகேல்லை! கார் அவ்வளவு பதிவு. கண்ணாடி போகாமல் காரை ஏன் பதிச்சனீங்கள் எண்டு தொடங்கினது கேள்வி. தமிழ் ஆக்கள், பதிச்ச கார், பிறகென்ன. எல்லாரும் இறங்கு, காரை ஜக் அடிச்சுத் தூக்கு. பாவம் மாஸ்டர், வெயிலுக்குள்ள ஒரு பீப்பாவைப் பிடிச்சுக்கொண்டு முடியும் மட்டும் நிண்டிருக்கிறார். அண்டைக்குப் பயிற்சியும் இல்லை, ஒண்டும் இல்லை. கார் நேர என்ர வாசலுக்கு வந்தது. மாஸ்டர் கத்தேல்லை, ஆறுதலாய்த்தான் சொன்னார்: "இனி என்னை இதில ஏத்திறதெண்டால் பாடையில கட்டித்தான் ஏத்தவேணும்."

நானாவோட கொழுவல்

அந்தக் கோபத்தை நான் எங்கை கொண்டுபோய்க் கொட்டிறது? நேர கொட்டாஞ்சேனைக்குப் போய் நானாவின்ர மேசையில ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டன். "நானா, மனுசன்ர கால் போகப்போகுது, நீங்கள் எனக்கு விளையாட்டுச் சாமான் வித்திருக்கிறியள்!" எண்டு கத்தினன். நானா பிளேன்ரீ ஒண்டு வரவழைச்சு எனக்கு முன்னால தள்ளி வைச்சார். நான் குடிக்கும் மட்டும் பாத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தக் கடைக்குள்ளயே ஒரு தடியில கண்ணாடியைக் கட்டினம். செக்பொயின்ட் கண்ணாடியின்ர உயரத்தை நான் கண்ணால அளந்து வைச்சிருந்தனான். இனி எந்த ஸ்பிரிங் போட்டாலும் கார் தன்ர பழைய உயரத்தில நிக்கவேணும், இந்தக் கண்ணாடி தடையில்லாமல் போய் வரவேணும். பாரத்தைத் தாங்க பின்னுக்குக் கொஞ்சம் இறுக்கம், அதுக்குப் பொருத்தமான ஷொக், திருப்பத்தில சாயாமல் பிடிக்க பின்னுக்குக் குறுக்கால ஒரு தடிச்ச இரும்புக் கம்பி. நானா தலையைச் சொறிஞ்சுகொண்டு சொன்னார்: "நீ கேட்டது வளைவுல சாயாத ஸ்பிரிங். ஆமிக்காரன்ட கண்ணாடி போற ஸ்பிரிங்னு கேட்டீந்தா அண்டைக்கே தந்தீப்பேன்."

படுத்துக்கிடந்த நோயாளி

புதுச் சாமான் பூட்டியாச்சு. ஆனால் மாஸ்டரை வைச்சு இன்னொரு பரிசோதனை செய்ய எனக்குத் துணிவில்லை. அதால நானே மாஸ்டரானன். இடுப்பில பட்டியைக் கட்டிக்கொண்டு முன் சீற்றைச் சாய்ச்சுப் படுத்தன். நஸார் நானா ஓட்டினார். பள்ளத்தில விழுந்தால் ஒரு அசைவு, அதோட சரி. பீப்பாவுக்குள்ளால வளைஞ்சால் உடம்பு சீற்றை விட்டு விலகவே இல்லை. "நானா, அருமை! இன்னும் ஒருக்கா!" எண்டு நான் கத்த, அவரும் சந்தோஷத்தில திருப்பித் திருப்பி ஓட்டினார். ஒரே கார் அதே இடத்தில போய்ப் போய் வந்தால் ஆமி சும்மா விடுமோ?

மறிச்சாச்சு. கண்ணாடி வடிவாய் உள்ளுக்குப் போச்சுது. போன கண்ணாடி வெளியில வரேல்லை. தடியைப் பிடிச்சிருந்த ஆமிப் பெடியன் கத்தி சார்ஜன்ற்றைக் கூப்பிட்டான். கண்ணாடிக்குள்ள தெரிஞ்ச புது ஸ்பிரிங் பளபளக்கிற மஞ்சள். அதுக்குப் பக்கத்தில பற்றரிக்குப் போற செம்மஞ்சள் வயர். எந்தக் காரிலயும் அவங்கள் காணாத நிறங்கள். நானா சிங்களத்தில விளங்கப்படுத்தினார், அவங்கள் கேக்கேல்லை. கடைசியில நான் பட்டியைக் கழட்டி எறிஞ்சுபோட்டு நடுறோட்டிலயே காருக்கு அடியில பூந்து, ஒவ்வொண்டாய்த் தட்டிக் காட்டினன்: இது ஸ்பிரிங், இது ஷொக், இது பற்றரி வயர், கம்பனி போட்டது. சார்ஜன்ற்றும் குனிஞ்சு ரோச் லைற் அடிச்சுப் பாத்தார். எழும்பிக் காரை ஒருக்கா அமத்தி விட்டும் பாத்தார். உடனே நிண்டுது. தலையை ஆட்டினார். போகச் சொல்லிப்போட்டு, யன்னலடியில குனிஞ்சு, மெக்கானிக்மாரைக் கூப்பிடுற மாதிரி என்னையும் 'பாஸ்' எண்டு கூப்பிட்டுச் சிங்களத்தில கேட்டார்: "ஒருத்தரும் பாக்காத இடத்துக்கு எதுக்கு, பாஸ், மஞ்சள் நிறம்?"

ஏசுறதுக்கு ஆள் வேணும்

அண்டைக்குப் பின்னேரமே ஸ்பிரிங் முழுக்கக் கறுப்புப் பெயின்ற் அடிச்சு முடிச்சன். செம்மஞ்சள் வயரை மறைக்கேல்லை. சார்ஜன்ற் பாத்து விட்டதை இனி மறைச்சால்தான் வில்லங்கம். இப்ப கார் றெடி, மாஸ்டர் றெடி இல்லை. றஞ்சி அக்கா அழாக்குறை. பயிற்சி விட்டு விட்டுக் கால் மெலியத் தொடங்கிற்றுது எண்டு சொன்னவ. நான் வீட்டுக்கே போய்க் கட்டிலடியில நிண்டு கெஞ்சினன். சட்டமாய்ப் படுத்திருந்த மனுசன் கடைசியில ஒரு நிபந்தனை வைச்சார். பின் சீற்றில நானும் ஏறவேணும். ஆடினால் அந்த இடத்திலேயே என்னை ஏசவேணுமாம், பிறகு தேடித் திரியேலாதாம். நாலு சில்லுக்கும் முன்னால றஞ்சி அக்கா நாலு தேசிக்காய் வைச்சா. மாஸ்டர் அதையும் பாத்து, "இதுகள் நசியிற குலுக்கமும் எனக்குத் தெரியக்கூடாது" எண்டார்.

கார் வெளிக்கிட்டுது. நான் பின்னுக்கு மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறன். முதல் பள்ளம், ஏச்சு வரேல்லை. செக்பொயின்ட்டில நீட்டு வரிசை, ஊர்ந்து ஊர்ந்து போனது, ஏச்சு வரேல்லை. கண்ணாடி போய் வந்தது. பீப்பாவுக்குள்ளால றஞ்சி அக்கா வளைச்சு வளைச்சு எடுக்கிறா, மனுசனிட்டை ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பயம் பிடிச்சிட்டுது, என்னவும் நடந்துபோச்சோ எண்டு. எட்டிப் பாத்தால், வாயைத் திறந்துகொண்டு நித்திரை! நோவால இரவிரவாய்க் கண் மூடாத மனுசன் நித்திரை. றஞ்சி அக்காவுக்குக் கையால காட்டினன். அவ பாத்தா, உதட்டைக் கடிச்சுக்கொண்டு மெல்ல மெல்ல ஓட்டினா. எனக்குக் கண் கலங்கிப்போச்சு. ஏன் ஒளிக்கவேணும், கண்ணீர் ஓடினது. களுபோவிலயில, ஆஸ்பத்திரி வாசலில, கார் நிண்டவுடனை மாஸ்டர் முழிச்சு எரிச்சலோட கேட்டார்: "ஏன் இப்ப நிப்பாட்டினனீங்கள்? இன்னும் பாமன்கடையே தாண்டேல்லையே!"

மாஸ்டரின்ர முறைப்பாடு

பிறகு அவர் ஒரு பயிற்சியும் விடேல்லை. என்ர கராஜுக்கும் நல்ல காலம் பிறந்தது. களுபோவிலக்கு ஆக்களைக் கொண்டுபோற தெஹிவளை, பாமன்கடைக்காரர் வரிசையாய் வந்து, "மாஸ்டரை நித்திரையாக்கின ஸ்பிரிங் இருக்கோ?" எண்டு கேக்கத் தொடங்கிச்சினம். நஸார் நானா அதுக்கெண்டு தன்ர கடையில தனித் தட்டே ஒதுக்கினவர். ஆர் கேட்டாலும் ஒரு இழு இழுத்துத்தான் விலை சொல்லுவார்.

கொஞ்சக் காலம் போச்சுது. ஒருநாள் மத்தியானம் காருக்கு அடியில கிடக்கிறன், ஒரு சோடிச் சப்பாத்தும் ஒரு ஊண்டுதடியும் வந்து நிண்டுது. வெளியில வந்தால் சிவபாலன் மாஸ்டர், தனிய! பட்டி இல்லை, பிடிக்க ஆள் இல்லை. காலி வீதியில பஸ்ஸால இறங்கி, ஒழுங்கையின்ர அந்தச் சரிவால தானே நடந்து வந்திருக்கிறார். நான் பாய்ஞ்சு போய் ஸ்ரூல் எடுத்துப் போட்டன், இருக்க மாட்டாராம். எண்ணைக் கையெண்டும் பாராமல் அவற்ற கையைப் பிடிச்சன். சிரிச்சுக்கொண்டு நிண்டன். மாஸ்டர் சிரிக்கேல்லை. முறைப்பாடு ஒண்டோட வந்தவராம். றஞ்சி அக்காவுக்குக் கார் ஓட்டத்தில ஆசை பிடிச்சிட்டுதாம். வங்கிக்கு, கோயிலுக்கு, சிநேகிதிமாற்ற வீட்டுக்கு எண்டு கார் ஒரு நாளும் வீட்டில நிக்கிறேல்லையாம். ஊண்டுதடியால நிலத்தில ஒரு தட்டுத் தட்டிச் சொன்னார்: "தம்பி குகன், அந்தக் காரைப் பழையபடி ஆட வைச்சுத் தாரும், அவ ஸ்டியரிங்கை விடுறா இல்லை, நான் பஸ்ஸில திரியிறன்."

இந்தத் தொழிலில எத்தினையோ பேரிட்டை எத்தினையோ ஏச்சு வாங்கியிருக்கிறன், ஆனால் நடந்து வந்து தந்த அந்த முறைப்பாட்டை மட்டும் நான் இண்டை வரைக்கும் தீர்த்து வைக்கேல்லை.