துவக்கின் வலப்பக்கம்

சுட்டதும் வெற்றுக்கோது தெறித்து வெளியேறும் துவாரத்தை நான் திரும்பவும் துவக்கின் இடப்பக்கத்தில் கீறிவிட்டேன். மேசையைச் சுற்றியிருந்து ஆளுக்கொரு வேஷம் எடுத்து ஆடும் விளையாட்டுக்கான புத்தகத்துக்குப் படம் கீறிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுப் பதிப்பாசிரியர் தந்த வேலை. பேய், பூதம் எதிலும் அவர் பிழை பிடித்ததில்லை. துவக்குக்கு மட்டும் சிவப்புக் கோடு. “அது வலப்பக்கம் வரவேண்டும். புகைப்படம் பார்த்துக் கீறுங்கள்” என்று எழுதியிருந்தார்.

புகைப்படத்துக்கு எங்கே போவேன்? போனில் துவக்கைத் தேடினாலே மனிசி பதறுவாள்.

“சந்தியில ஆமிக்காரன் போனை வாங்கிப் பாத்தா என்ன சொல்லுவீங்க? விளையாட்டு எண்டா? ஆரு கா நம்புவான்?”

அவள் கேட்பது நியாயம். ஆகவே மனதில் இருந்ததையே கீறினேன்.

அன்று பின்னேரம் தாள்கள் மேசையில் காய்ந்துகொண்டிருக்க, படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் இருவர். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வாடகைக்கு வந்தவர்களைப் பற்றி விசாரிக்க வேண்டுமாம். அவர்கள் முற்றம் தாண்டுவதற்குள் மனிசி அரிசிச் சுளகைக் கொண்டுவந்து துவக்குத் தாள்களின் மேல் வைத்துக் கல் பொறுக்கத் தொடங்கினாள். சுளகின் விளிம்புக்கு வெளியே ஒரு குழல் நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

“தம்பி என்ன தொழில்?”

“படம் கீறுறன்.”

“என்ன படம்?”

“பேய்ப் படம் ஐயா,” என்றாள் மனிசி. “புள்ளையள் விளையாடுற புத்தகத்துக்கு. என்னப் பாத்துத்தான் கீறுறாராம்.”

ஒருவர் சிரித்தார். மற்றவர் சிரிக்காமல் மேசைக்குக் கிட்ட வந்தார். அவர் கை சுளகைக் கடந்து போய், ஓரத்தில் கிடந்த பூதத்தை எடுத்தது.

“இதுக்கேன் மூணு கண்?”

“அதுக்கு அப்பிடித்தான் ஐயா.”

வைத்துவிட்டுப் போனார்கள். மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கிய பிறகுதான் மனிசி சுளகை எடுத்தாள்.

“இஞ்ச பாருங்க, பூதம் எத்தினையெண்டாலும் கீறுங்க. துவக்கு இதோட சரி.”

அன்றுதான் யோசித்தேன். சந்திகளில் என்னை மறித்த துவக்குகள் எல்லாம் எனக்கு நேரெதிரே நின்றவை. அவற்றின் வலப்பக்கம் என் இடப்பக்கம். பிடித்திருந்தவனின் பக்கம் நின்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பக்கவாட்டுப் படம் எனக்கு வராது, முன்னால் நின்று பார்ப்பதுபோல் ஒன்று தரட்டுமா என்று பதிப்பாசிரியரைக் கேட்டேன். சம்மதித்தார். குழலின் வாய், அதற்குப் பின்னால் மங்கலாக ஒரு முகம். எதையும் பார்க்காமல்தான் கீறினேன். சிவப்புக் கோடு விழவில்லை.

அந்தத் தாளைக் காயவைக்க மனிசி விடவில்லை. நான் படம் பிடித்து அனுப்பிய கையோடு வாங்கி, அடுப்பில் வைத்தாள்.