கடைசிப் பக்கத்து ஆடு

ஒரகடம் கூட்டுரோட்டில் ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களுக்கு, கானாவிலிருந்து வந்திருக்கும் சிறுவர் கதை எழுத்தாளர் தன் கதையைப் படிக்கிறார். நான் தமிழில் சொல்கிறேன். காணாமல்போன ஆட்டை ஒரு சிறுமி தேடும் கதை. "ஆப்பிரிக்கக் கதையெல்லாம் இங்கே எடுபடாது" என்று இந்தக் கதைக்கு நான் செய்த மொழிபெயர்ப்பைப் பதிப்பாளர் போன வாரம்தான் திருப்பிக் கொடுத்தார்.

பஸ் வந்துவிடுகிறது. கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் எழுத்தாளர் புத்தகத்தை மூடுகிறார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய நாளிலிருந்தே அது அவர் வழக்கம்; கதை கேட்பவர்கள்தான் முடிவைச் சொல்ல வேண்டும்.

நீலச் சீருடைப் பெண் ஒருத்தி பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்புகிறாள்.

"ஆடு இன்னா ஆச்சு?"

"நீங்கதான் சொல்லணுமாம்" என்கிறேன்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அவள் அசையவில்லை.

"கம்பெனிக்குள்ள பூந்திருக்கும். எங்க ஆடுங்க முன்ன அங்கதான மேஞ்சிகினு இருந்துச்சு. செக்யூரிட்டி இன்னா, ஆட்டாண்ட ஐடி கார்டா கேப்பான்?"

பஸ்ஸே சிரிக்கிறது. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும், எழுத்தாளர் கடைசிப் பக்கத்தை அடித்துவிட்டு அவள் சொன்னதை அங்கேயே எழுதிக்கொள்கிறார்.

பஸ் கிளம்புகிறது. ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் "மே... மே..." என்று கத்திக்கொண்டே போகிறார்கள். நான் பதிப்பாளருக்கு போன் போட்டு, பஸ் பக்கம் நீட்டுகிறேன்.