துணிப்பந்தை நிறுத்திய மணிக்கட்டுப் பட்டை

இன்று தற்செயலாக ஒரு தையல்கார அக்காவைச் சந்தித்தேன். பேன்ட் நீளத்தைக் குறைக்கலாம் என்று போனால், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் சால்டரிங் அயர்ன் புகைந்துகொண்டிருக்கிறது! இந்தக் கதையை உங்களிடம் கொட்டாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

தெருவிலிருந்து மூன்று படி கீழே இறங்கினால் அக்காவின் கடை. வாசல் பக்கம் அவருடைய மிஷின். பின்சுவரைப் பார்த்தபடி அவருடைய அண்ணனின் இஸ்திரி மேசை. அண்ணனுக்குப் பத்து வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனது. சொல்ல வேண்டியதை, துணியில் கோடு போடும் சாக்பீஸால் மேசைமேல் எழுதிக் காட்டுவார்.

அவரைக் கூப்பிட அக்காவிடம் ஒரு வழிதான் இருந்தது. வெட்டுத்துணியைச் சுருட்டிக் கட்டிய பந்து. முதுகில் பட்டால் திரும்புவார். இருபது வருடம் அப்படியே ஓடியது. போன மாதம் பந்து குறி தப்பிப் பிடரியில் விழ, துணி வாங்க வந்திருந்த ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று மாலை மேசையில் எழுத்து இருந்தது: "ஒண்ணாம் தேதிலேர்ந்து சலவைக் கம்பெனிக்குப் போறேன். அங்க யாரும் எம்மேல எதையும் எறிய மாட்டாங்க."

இருவரும் சேர்ந்து திறந்த கடை. அக்கா மன்னிப்புக் கேட்டு அழுதே விட்டார். அண்ணன் மறுபடி எழுதினார்: "உன்மேல கோபமில்ல. பந்துதான் பிடிக்கல."

அந்த வாரமே நூலகத்தில் சனிக்கிழமை நடக்கும் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் போய் உட்கார்ந்தார் அக்கா. சுற்றிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வகுப்பெடுக்கும் பெண் அவருடைய ஒயரைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னக்கா, ஒயருக்கெல்லாம் முடிச்சுப் போட்டிருக்கீங்க?"

"முடிச்சில்லாம எப்படிம்மா நிக்கும்?"

"சால்டர் பண்ணணும்க்கா. ஈயத்தை உருக்கி ஒட்டணும்."

"அட, ஒட்டுத்தையல் மாதிரியா? அதை முதல்லயே சொல்லக் கூடாதா!"

மூன்றாவது சனிக்கிழமை சாமான் தயார். அக்காவின் மேசை ஓரத்தில் ஒரு பச்சைப் பொத்தான், அதனோடு தீப்பெட்டி அளவில், குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. அண்ணன் கைக்கு ஒரு துணிப்பட்டை. அதில் இன்னொரு போர்டு, சின்ன பேட்டரி, பழைய போனிலிருந்து கழற்றிய அதிர்வு மோட்டார். பொத்தானை அழுத்தினால் ஒயரே இல்லாமல் சேதி போய்ப் பட்டை கிர்ரென்று அதிர வேண்டும். பட்டைக்குள் ஒயருக்குப் பதிலாக மின்சாரம் ஓடுகிற வெள்ளி நிற நூல். வகுப்பில் அந்த நூலைப் பார்த்ததும் அக்காவுக்கு உயிரே வந்துவிட்டதாம். அவர் கைக்குப் பழகிய ஒரே சாமான் அதுதானே!

வகுப்பு மேசையில் பட்டை ஜோராக வேலை செய்தது. கடைக்கு வந்து தன் கையில் கட்டிப் பார்த்தால் நின்று நின்று போனது. அக்கா புரோகிராமைத் திருத்தினார். பேட்டரியை மாற்றினார். வரி வரியாக அழித்து மறுபடி எழுதினார். தனக்குத் தெரியாததையெல்லாம் சந்தேகப்பட்டார். தையலை மட்டும் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. இருபது வருடத்தில் பிரிந்துவிட்டது என்று ஒரு துணிகூடத் திரும்பி வராத கை அல்லவா அது!

மாதக் கடைசி நாள். அண்ணன் தன் இஸ்திரித் துணி விரிப்பை மடித்து வைத்துவிட்டார். மிச்சமிருந்தது ஒரே ஒரு சட்டை. அக்கா போகிற போக்கில், "இதை ஒரு தடவையாவது கட்டிக்கோண்ணே" என்று சைகை காட்டிப் பட்டையை நீட்டினார். கட்டிக்கொண்டார். பொத்தானை அழுத்தியதும் அண்ணனின் தோள் துள்ளியது. பிறகு அவர் இஸ்திரிப்பெட்டியைப் பிடிக்க மணிக்கட்டை வளைத்தார். போர்டின் விளக்கு அணைந்தது. நிமிர்த்தினார், எரிந்தது. வளைத்தார், அணைந்தது.

அண்ணன் பட்டையைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பினார். இரண்டு முடிச்சுகளுக்கு அப்பால் இரண்டு நூல் வால்கள், ஒவ்வொன்றும் அரை விரல் நீளம். தையல் பிரியாமலிருக்க அக்கா எப்போதும் விடுகிற நீளம். சாதாரண நூலுக்கு அது பாதுகாப்பு. மின்சாரம் ஓடும் நூல் ஒன்றோடொன்று உரசினால் ஷார்ட் சர்க்யூட்! கை வளையும்போதெல்லாம் இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன.

அண்ணன் கத்தரியை எடுத்தார்.

"ஐயையோ, வெட்டாதண்ணே! பிரிஞ்சிடும்!" அக்கா கத்தியே விட்டார். யாரிடம் கத்துகிறோம் என்று அப்புறம்தான் உறைத்தது.

இரண்டு வாலும் ஒட்ட நறுக்கப்பட்டன. முடிச்சுகளின் மேல் ஆளுக்கொரு சொட்டுப் பசை. பசை காய்ந்ததும் பட்டையைக் கட்டிக்கொண்டு, கடைசிச் சட்டையை எடுத்து, முதுகைக் காட்டி நின்றார் அண்ணன். அக்கா அழுத்தினார். காலரைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. நிதானமாகத் திரும்பினார். அக்கா இன்னொரு தடவை அழுத்தினார். சிரித்தார் மனிதர்!

பிறகு சாக்பீஸை எடுத்தார். "ஒரு தடவைன்னா வா. ரெண்டு தடவைன்னா சாப்பாடு. மூணு தடவை அடிச்சா வரமாட்டேன்." அடுத்த நாள் ஒண்ணாம் தேதி. இஸ்திரி விரிப்பு மறுபடி விரிந்திருந்தது.

இன்று நான் அக்காவிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் தோளில் பொத்தென்று துணிப்பந்து விழுந்தது. அண்ணன் மேசையில் எழுத்து: "மிஷின் சத்தத்துல உனக்கும் காது கேக்கல. உனக்கு இன்னும் பட்டை இல்லையே!" இரண்டாவது பட்டைக்குத்தான் அந்த சால்டரிங் புகை.

பேன்ட்டோ சட்டையோ சரிசெய்ய வேண்டியிருந்தால் அந்த மூன்று படி இறங்குங்கள். அண்ணனைப் பார்க்க வேண்டுமா, சத்தம் போடாதீர்கள், பச்சைப் பொத்தானை ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். வீட்டில் யாரையாவது தட்டியோ எறிந்தோ கூப்பிடுகிறவர்கள் உங்களுக்குத் தெரிந்தால், அவர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள்.