கண்ணாடியில் தொங்கிய கவ்வுமுள்

கிளெனிஸ் வார்ட்ராப்புக்கு வயது நாற்பத்தாறு. ஓமியோ மலைப்பக்கத்தில் பதினோரு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஞாயிறு தவறாமல் மரம் அறுக்கிறாள். பேருந்தைவிட ரம்பத்தைத்தான் அவள் ஒழுங்காக ஓட்டுவாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவளிடம் நேரில் சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

மற்ற ஓட்டுநர்கள் கண்ணாடியில் வாசனை அட்டை தொங்கவிடுவார்கள். இவள் பூட்ஸ் கயிற்றில் ஒரு சின்ன இரும்புத் தகட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அதன் ஓரத்தில் நாலு பல். சுறாவின் தாடை என்று பிள்ளைகள் நம்பினார்கள், அவளும் மறுக்கவில்லை. உண்மையில் அது மோட்டார் ரம்பத்தின் கவ்வுமுள். ரம்பத்தின் உடலும் வெட்டும் அலகும் சேரும் இடத்தில் அதைத் திருகியிருப்பார்கள். மரத்தில் அதைக் குத்தி ஊன்றிக்கொண்டு பின்கைப்பிடியைத் தூக்கினால் அலகு தானாக உள்ளே இறங்கும். முள் வழுக்கினால் வெட்டும் கோணிப்போகும்.

போன வருஷம் அவளுக்கு வழுக்கியது. பெரிய மரம் சாய்க்கும் உரிமத்துக்கான தேர்வு அது. கொடுத்த மரம் நார்ப்பட்டைத் தைலமரம். பட்டையே மூன்று விரல் கனம். அவளுடைய குட்டி முள் கட்டைவரை எட்டாமல் பட்டையை மட்டும் பிய்த்துப் பிய்த்துப் போட்டது. மரத்தைச் சாய்க்கும் பின்வெட்டு கோணி, மரம் எங்கேயோ விழுந்தது. அந்த முள்ளைக் கழற்றி, தன் அவமானம் தினமும் கண்முன் ஆடட்டும் என்று கண்ணாடியில் கட்டினாள். அப்படி ஒரு வீம்புக்காரி.

அந்தக் கோடையில் காட்டுத்தீ வந்தது. எரிந்த மரமொன்று ஊருக்கிருந்த ஒரே சாலையின் குறுக்கே பாதி சாய்ந்து நின்றது. தொண்டர் தீயணைப்புப் படையில் உரிமம் உள்ளவன் அவள் தங்கை புருஷன் ரெக்ஸ் ஒருவன்தான்; அவனுக்கோ தோள் போய்விட்டது. வெளியூரிலிருந்து ஆள் வரும்வரை ஐந்து மணி நேரம் தீயணைப்பு வண்டி நின்றது. அதற்குள் சாலைக்கு அந்தப் பக்கம் இரண்டு வீடு சாம்பல். கிளெனிஸ் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உரிமம் இல்லாமல் மரத்தைத் தொடக்கூடாது என்ற சட்டத்தோடு நின்றாள். இந்தக் கோடைக்கு முன்னால் இன்றுதான் கடைசித் தேர்வு.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. இந்த முறை ரெக்ஸின் ராட்சத முள்ளை வாங்கி மாட்டிக்கொண்டாள். கட்டைவிரல் நீளப் பற்கள். அந்த ஊர் ஆண்கள் இரண்டு விஷயத்தில்தான் அளவைக் கூட்டிப் பொய் சொல்வார்கள்: பிடித்த மீன், மாட்டிய முள்.

"பெருசு போட்டுத் தோத்தவன் எவனும் கிடையாது கிளென்," என்றான் ரெக்ஸ். "தேர்வு எடுக்க வர்றவன் இதப் பாத்தாலே பாதி மார்க் போட்டுருவான்."

"மீதி மார்க்க உன் வாயப் பாத்துப் போடுவானா?"

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பேருந்திலேயே காட்டுக்கு வந்தாள். மூன்றரைக்கு அவர்களைத் திரும்ப ஏற்ற வேண்டும். படைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் தூரத்து வேலியோரம் பிளாஸ்க் டீயும் இறைச்சி பஃப்ஸுமாக, ஃபுட்பால் பார்க்க வந்தவர்கள்போல நின்றார்கள். தேர்வாளர் பெர்னி காஸ்டெல்லோ பேச்சைச் சில்லறைபோல எண்ணிச் செலவழிப்பவர். ஓடைக்கரையில் நின்ற ஒரு மரத்தைக் காட்டினார்.

"அதுதான் உங்க மரம். ஆப்ப எங்க அடிக்கிறீங்க?"

மரம் விழும் இடத்தில் முன்கூட்டியே ஓர் ஆப்பை நட வேண்டும். விழுகிற மரமே அதை மண்ணுக்குள் அறைய வேண்டும். ஏமாற்ற வழியில்லாத பரீட்சை. கிளெனிஸ் இருபத்தைந்து அடி தள்ளி ஆப்பை நட்டுவிட்டுத் திரும்பினாள். அப்போதுதான் மரத்தை ஒழுங்காகப் பார்த்தாள்.

நார்ப்பட்டை இல்லை. வழுவழுவென்ற வெள்ளைத் தைலமரம். பட்டை தோசை கனம்கூட இல்லை.

ரம்பத்தை ஸ்டார்ட் செய்யாமலே மரத்தில் வைத்துப் பார்த்தாள். ராட்சத முள் கனத்த பட்டைக்குள் முழுசாகப் புதையும். இங்கே நுனி மட்டும் கட்டையில் தொட்டு நின்றது. முள்ளின் நீளமெல்லாம் வீண் இடைவெளி. அந்த அளவுக்கு அலகு குட்டையாகிவிட்டது. எட்டிப் பார்த்தாள்: அலகின் மூக்கு அந்தப் பக்கம் வெளியே வரவில்லை. அங்கே இரண்டு விரல் கட்டை அறுபடாமல் நிற்கும். அது மரத்தைத் தன் பக்கம் இழுத்துத் திருப்பிவிடும். அந்தப் பக்கம் போய் வெட்டலாம் என்றால் காலடியில் செங்குத்தாக ஓடை.

"என்னாச்சு? ஸ்டார்ட் பண்ணு!" ரெக்ஸ் வேலியிலிருந்து கத்தினான்.

கிளெனிஸுக்குக் காது சுட்டது. இத்தனை பேர் முன்னால், தேர்வின் நடுவில், அவனுடைய முள்ளைக் கழற்றுவதா? பேசாமல் வெட்டிவிடலாமா? ஐந்து மணி நேரம் நின்ற வண்டி ஞாபகம் வந்தது.

"முள்ள மாத்தணும். மாத்தலாமா?"

காஸ்டெல்லோ தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உங்க ரம்பம். உங்க மரம்."

ஓடினாள். நாற்பத்தாறு வயதில், கனத்த காப்புக் கால்சட்டையில், பள்ளிப் பேருந்தை நோக்கி ஓடுகிற பெண்ணை அந்தக் காடு அதுவரை பார்த்திருக்காது. கயிற்றை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் கத்தியால் அறுத்தாள்.

"ஐயோ, அந்தப் பால்பல்லையா மாட்டப்போற?" என்றான், வேலியைத் தாண்டி அருகே வந்த ரெக்ஸ்.

"ஆமா. இந்த மரத்துக்கு இதான் அளவு. உன் யானைத் தந்தத்தப் பிடி." திருகுகளைக் கழற்றி ராட்சத முள்ளை அவன் கையில் திணித்துவிட்டு, குட்டி முள்ளை மாட்டினாள். அவசரத்தில் ஒரு திருகு புல்லில் விழுந்தது. தேடியது யார் தெரியுமா? ரெக்ஸேதான், முட்டி போட்டு, முணுமுணுத்துக்கொண்டே.

மறுபடி மரத்தில் வைத்தாள். குட்டி முள் நறுக்கென்று கவ்வியது. அலகின் மூக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் வெளியே எட்டிப் பார்த்தது. கிளெனிஸ் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

மரம் விழும் பக்கத்து முன்வெட்டு முடிந்தது. பின்வெட்டில் முள் இம்மியும் நகரவில்லை. கைப்பிடியைத் தூக்கத் தூக்க அலகு வெண்ணெயில்போல இறங்கியது. இரு ஓரமும் அவளுக்குத் தெரிந்தன, மரம் கதவுபோல மடங்க நடுவில் விட்ட கீல்கட்டை நேராக நின்றது. வெட்டுக்குள் வேறோர் ஆப்பைச் செருகி அடித்தாள். உச்சி லேசாக அசைந்தது. பின்வாங்கினாள். மரம் யோசிப்பதுபோல ஒரு கணம் நின்று, பிறகு மளமளவென்று சாய்ந்தது. தரை குலுங்கியது.

தூசி அடங்கக் காத்திருக்காமல் ஓடிப் பார்த்தாள். தரையில் நட்ட ஆப்பைக் காணோம். மரத்தின் நட்டநடு வயிற்றுக்கடியில், மண்ணோடு மண்ணாகிக் கிடந்தது. வேலியோரம் கூச்சல் கிளம்பியது. ரெக்ஸின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. கிளெனிஸ் அழுதாள், அதை மறைக்கவும் இல்லை.

காஸ்டெல்லோ கையெழுத்துப் போட்டார். "போன வருஷமும் நான்தான் வந்தேன். அன்னைக்கும் முள்ளு பத்தலன்னு தெரிஞ்சே வெட்டுனீங்கல்ல?"

"தெரிஞ்சேதான்," என்றாள். அதை அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

மூன்றரைக்குப் பேருந்து பள்ளி வாசலில் நின்றது. ஏறிய பிள்ளைகள் கண்ணாடியையும், அறுந்து தொங்கும் கயிற்றையும் பார்த்துத் திகைத்தார்கள்.

"மிஸ், சுறாப் பல்லு எங்க?"

தலைமுடியில் மரத்தூளோடு கிளெனிஸ் கியரைப் போட்டாள்.

"வேலைக்குப் போயிருச்சு," என்றாள்.