குங்குமம் வைத்த டாங் டெஸ்டர்

எங்கள் மின்வாரியச் செக்‌ஷன் ஆபீஸ் பீரோவில் ஒரு தோல் பெட்டி இருந்தது. அதற்குள் டாங் டெஸ்டர். குறடு மாதிரி வாயைத் திறந்து கேபிளைச் சுற்றிக் கவ்வவிட்டால், எத்தனை ஆம்பியர் ஓடுகிறதென்று முள் காட்டிவிடும். கரண்டை நிறுத்த வேண்டாம், கம்பியைத் தொடவும் வேண்டாம். ஆளுக்கு ஆபத்து வரக்கூடாது என்றே செய்த கருவி. ஆயுத பூஜைக்கு மட்டும் அதை வெளியே எடுப்போம். சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டி, மறுபடி பூட்டிவிடுவோம். சாமிக்காவது வருஷத்தில் பத்து நாள் புறப்பாடு உண்டு.

என் அக்காவைக் கட்டிய அத்தான் அங்கே லயன்மேன். நான் வயர்மேன். கருவி பீரோவில் இருந்ததால் நாங்கள் புறங்கையால்தான் பாரம் பார்த்தோம். உறை போட்ட கேபிளில் கை வைத்தால், லோடு கூடிய கம்பி சுடும். உள்ளங்கை வைக்கக்கூடாது. ஷாக் அடித்தால் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் உதறித் தள்ளிவிடும். எல்லோரும் அப்படித்தான் செய்தோம், அதைத் திறமை என்றும் நினைத்துக்கொண்டோம்.

அறுபதுகளில் ஒரு கோடை. திருமயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கண்மாய் வறண்டு, கிணற்றுத் தண்ணீரை நம்பி நெல் நின்றது. எல்லா மோட்டாரும் ஒரே டிரான்ஸ்பார்மரில் ஓட, மூன்று கம்பியில் ஏதோ ஒன்று பாரம் தாங்காமல், பியூஸ் போடப்போட எரிந்தது. அப்படி ஒரு கம்பி செத்தால் மோட்டாருக்குள் சுற்றிய காயிலும் கருகிவிடும். எந்தக் கம்பி, எவ்வளவு என்று தெரிந்தால் கொஞ்சம் லோடை வேறு கம்பிக்கு மாற்றிவிடலாம். அத்தான் சூப்பர்வைசரிடம் போய் டெஸ்டரைக் கேட்டார்.

“பொட்டக்காட்டுல கொண்டுபோயி அதை ஒடைச்சிட்டு வந்தா நான் யாருக்குய்யா பதில் சொல்றது?” என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. பயந்தவர். அவருக்கு முன்னால் இருந்தவரை ஒரு மீட்டர் உடைந்ததற்காகத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றியிருந்தார்கள்.

வெறுங்கையோடு திரும்பினோம். டிரான்ஸ்பார்மர் கம்பத்தடியில் விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் கூடி நின்றார்கள். ஒருவர் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார். “இன்னைக்குத் தண்ணி பாயலன்னா அம்புட்டும் பதராப் போயிருமுங்க. ஏதாச்சும் பண்ணுங்க” என்றார். அத்தான் என்னைப் பார்த்து, “நீ இங்கிட்டே நில்லு மாப்ளே, நான் பாத்துட்டு வாரேன்” என்று மேலே ஏறினார்.

வேகாத வெயில். முதல் கேபிளில் புறங்கையை வைத்தார், எடுத்தார். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது கேபிளின் உறை சூட்டில் வெடித்திருந்தது கீழே நின்ற எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. நாங்கள் நம்பியபடியே புறங்கை உதறித் தள்ளியது. பின்பக்கமாகச் செம்பாறைமேல் வந்து விழுந்தார். லாரியை மறித்து ஏற்றினோம். “அத்தான், அத்தான்” என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தேன். கத்தினால் போகமாட்டார் என்று நினைத்தேன் போலிருக்கிறது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் அத்தானின் இமையை விலக்கிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சூப்பர்வைசரே பீரோவைத் திறந்து பெட்டியைக் கொண்டுவந்தார். குங்குமத்தைத் துடைத்துவிட்டுக் கவ்வவிட்டோம். ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் வேலை முடிந்தது. அன்று வயலில் தண்ணீர் பாய்ந்தது. இன்று அதே கருவியைக் கடைத்தெரு எலக்ட்ரீஷியன்கள் சைக்கிள் பையில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் போன பிறகு, திருக்கோகர்ணத்து வீட்டில் அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். அவள் என்னைக் கேட்டாள்.

“அந்தச் சாமான் ஒடைஞ்சு போயிருந்தா, வேற வாங்கியிருப்பாங்களா தம்பி?”

“வாங்கியிருப்பாங்க அக்கா” என்றேன்.