ஹேமா அரைமண்டியில் உட்கார்ந்த காலை

ஈர மண்ணில் சுண்ணாம்புப் பொடி விழுந்தால் ஒரு வாசனை வரும்... காலை ஏழு மணிக்கு எங்கள் ஜூனியர் காலேஜ் கிரவுண்டில் கபடிக் கோடு போடும்போது வருமே, அந்த வாசனை. இப்போதும் செகந்திராபாத்தில் எந்த கிரவுண்டைத் தாண்டினாலும் என் மூக்கு அதைத் தேடும்.

நான் பெண்கள் கபடி டீம் கேப்டன். வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸிலேயே வேர் பிடித்த குடும்பம். அந்த வயதில் எனக்கிருந்த வாய்க்கொழுப்பை நினைத்தால் இன்று எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஹேமா என் கிளாஸ்மேட். அதே காலனி, இரண்டு தெரு தள்ளி வீடு. கும்பகோணத்துக் குடும்பம். பரதநாட்டியம் ஆடுவாள். கோயில் விழா, சபா, வெளியூர் என்று அந்த வருஷம் அவளுக்கு ஏகப்பட்ட புரோகிராம்.

விளைவு... அட்டெண்டன்ஸ் குறைந்துவிட்டது. இன்டர் பரீட்சைக்கு, அதாவது அங்கத்து பிளஸ் டூவுக்கு, ஹால் டிக்கெட் கிடையாது என்று ஆபீஸில் கையை விரித்துவிட்டார்கள். “வருஷம் போச்சுன்னா சலங்கையும் போச்சு” என்று அவள் அப்பா முன்பே சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர் அவர்.

ஒரே ஒரு வழி இருந்தது. மேட்சுக்குப் போன நாட்களுக்கு பி.டி. சார் ஒரு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டால், எங்களுக்கு அதெல்லாம் பிரசென்ட் ஆகிவிடும். ஹேமா அந்த ஃபாரத்தைத்தான் வாங்கிக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தாள்.

அது தெரிந்ததும் எனக்கு எங்கிருந்துதான் அப்படியொரு கோபம் வந்ததோ! மண்ணில் உருண்டு, முட்டி தேய்ந்து நாங்கள் வாங்குகிற அட்டெண்டன்ஸ். மை தீட்டிக்கொண்டு கண்ணை உருட்டுகிறவளுக்கும் அதேயா? நேராக சாரின் ரூமுக்குப் போனேன்.

“இன்னா சார் இது? டான்ஸ் ஆட்றவளுக்கும் ஸ்போர்ட்ஸ் அட்டெண்டன்ஸா? அப்போ நாங்க கிரவுண்ட்ல உருள்றது கைக்கு, எதுக்கு?”

சாரும் செகந்திராபாத் தமிழர்தான். நாலு பாஷையையும் ஒன்றாகக் கலந்து பேசுவார். “ஹவ், ஆமா... நீ சொல்றதும் கரெக்டுதான்” என்று தாடையைத் தடவினார். நான் போய்ச் சொன்னது ஹேமாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஹேமாவையும் கிரவுண்டுக்கு வரச் சொன்னார்.

“டான்ஸ்ல ரொம்பக் கஷ்டமானது எதும்மா? அதைச் செய். என் டீமும் கூடச் செய்யும். நீ கடைசி வரைக்கும் நின்னா சைன் போடறேன். இல்லேன்னா நக்கோ.”

“அரைமண்டி சார்” என்றாள் ஹேமா. குதிகால்களை ஒட்டி வைத்து, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, முட்டியை மடக்கிப் பாதி உட்கார வேண்டும்.

எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கபடிக்காரிகள் முட்டியை மடக்காமல் வேறு எதை மடக்குகிறோம்! நான் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. கபடியில் உடம்பு முன்னால் சாயும், கால் நகர்ந்துகொண்டே இருக்கும். இதில் முதுகு வளையக்கூடாது. முட்டி பக்கவாட்டில் பார்க்க வேண்டும். அசையவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே... முகம் சுளிக்கக் கூடாதாம்!

முதல் நிமிஷத்திலேயே ஒருத்தி சாய்ந்தாள். அப்புறம் மூன்று பேர். “அம்மாடி, தொடை எரியுது சார்!” என்று கத்திக்கொண்டே இன்னும் இரண்டு பேர். கடைசியில் நானும் ஹேமாவும் மட்டும்தான்.

என் கால் தையல் மிஷின் மாதிரி ஆடியது. திரும்பி அவளைப் பார்த்தேன். மேலுதட்டில் வியர்வை. முகம் மட்டும், வீட்டுக்கு வந்தவர்களை வாங்க வாங்க என்று கூப்பிடுகிற முகம். யாரும் கேட்காமலே, உட்கார்ந்த நிலையில் காலைத் தூக்கித் தாளம் தட்டவும் ஆரம்பித்தாள். அவ்வளவுதான்... நான் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே பொத்தென்று விழுந்தேன்.

சார் ஃபாரத்தை எடுத்தார். அதில் ரிசல்ட் என்று ஒரு கட்டம்.

“யாரை ஜெயிச்சேன்னு போடறது?”

“யாரையும் இல்ல சார். போனேன், ஆடினேன், வந்துட்டேன்.”

பேனா மூடியைக் கடித்தார். பிறகு ‘நாட் அவுட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஹால் டிக்கெட் வந்தது. சலங்கையும் தப்பித்தது. நான் அதற்குப் பிறகு அவள் ஆட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை.

இன்று ஹேமாவுக்குப் பட்டான்செருவில் மருந்துக் கம்பெனி லேபில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தும் ஆடுகிறாள். எனக்கோ முட்டி ஆபரேஷன் ஆகி, மாடிப்படி ஏறவே கைப்பிடி வேண்டியிருக்கிறது. என் பெண் ஹப்சிகுடாவில் டான்ஸ் கிளாஸ் போகிறாள். ஏசி ஹால், பாயிண்ட், மெடல், எத்தனை கலோரி என்று சொல்ல கையில் வாட்ச். எங்கள் காலத்து மண்தான் இல்லை...

போன வாரம் அவள் வந்து, “மம்மி, டான்ஸ் ஸ்போர்ட்டா ஆர்ட்டா? ஜல்தி செப்பு, ஸ்கூல்ல டிபேட்” என்றாள். நான் ஹேமாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். என்ன தோன்றியதோ, இத்தனை வருஷமாக மறைத்து வைத்திருந்ததை முதலில் சொல்லிவிட்டேன்.

“ஹேமா... அன்னிக்கு சார்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணது நாந்தாண்டி.”

“தெரியும்டி. நீ கத்துனப்ப நான் ரூம் வாசல்லதான் நின்னுட்டிருந்தேன்” என்று சிரித்தாள். “எம்பொண்ணு மாதிரிதானே அவ, சொல்றேன் எழுதிக்கச் சொல்லு. எனக்கு எல்லா நாளும் அது ஆர்ட்டுதான். உன்கூட உக்காந்த அன்னிக்கு மட்டும் ஸ்போர்ட்டு. நீ விழாம எந்திரிக்கிறதில்லன்னு உக்காந்திருந்தேன்.”

யாரையும் ஜெயிக்கவில்லை என்று சாரிடம் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறாள். அவள் ஜெயிக்க நினைத்த ஒரே ஆள் நான் என்பதில் எனக்கு அப்படியொரு பெருமை.