சுவருக்குப் போர்த்திய கம்பளி

கதிர்காமத்துக்குப் போகும் வழியில் பஸ் பழுதாகி, கொட்டகலைக்கு அருகே ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வளாகத்தில் ஒதுங்கி நிற்கிறேன். தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் முதன்முதலில் எழுத்தறிந்த பழைய மண்சுவர்ப் பள்ளி இங்கேதான் இருக்கிறது. அதைச் செப்பனிட முனைந்த மாணவர்கள் துருவேறிய கூரைத் தகரங்களைக் கழற்றிவிட்டார்கள். புதிய தகரம் இன்னும் ரயிலில் வந்து சேரவில்லை. மேற்கே மேகம் கறுக்கிறது. சுவர் கரைந்து விழுந்தால் அவ்விடத்தில் விடுதி எழும் என்று நிர்வாகம் சொல்லியிருக்கிறது.

கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்குப் போர்த்துகின்ற கம்பளிகளை மாணவர்கள் சுவரின்மேல் விரிக்கிறார்கள்.

“பாத்து இழுடா! கிழிஞ்சா எங்கம்மா ஒந்தோல உரிச்சுப் போர்த்திக்கும்,” என்கிறாள் ஒரு மாணவி.

“உன் தாயார் எங்கேயம்மா?” என்று அவளைக் கேட்கிறேன்.

அவள் சிரிப்பு அடங்குகிறது. “மலையில கொழுந்தெடுக்குறாங்க ஐயா. இன்னைக்கு மழை வராதுன்னு நான்தான் சொல்லி வாங்கியாந்தேன்.”

குன்றில் உறையும் குமரனை என் நா அழைக்கிறது. மேற்கொண்டு எதை வேண்டுவதென்று அறியாமல் நின்றுவிடுகிறது.

முதல் துளி என் நெற்றித் திருநீற்றில் விழுகிறது. பிறகு மழை வலுக்கிறது. கம்பளிகளின் கீழே சுவர் நனையாமல் நிற்கிறது. அவள் அதைப் பார்க்கவில்லை, மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.